மூன்றாவது கிளையின் முதலாளி

1.

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை, கூலிக்கு வந்தது. ஒரு முதலீட்டு நிறுவனம் தன் நாற்பது பக்க ஆவணத்தை, ஒன்பதாம் வகுப்பு படித்தவருக்கும் புரிகிற மாதிரி எட்டுப் பக்கத்தில் எழுதித் தரச் சொன்னது. என் கதைகளுக்கு எந்தப் பத்திரிகையும் தராத தொகை. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் யோசித்துச் சொல்கிறேன் என்று பிகு பண்ணக்கூடத் தோன்றவில்லை.

ஆவணத்தைப் படிக்கப் படிக்க எனக்குக் கை பரபரத்தது. பிரைவேட் ஈக்விட்டி என்கிறார்களே, அது இதுதான்: பங்குச் சந்தைக்கு வராத கம்பெனிகளை மொத்தமாக வாங்குவது, நாலைந்து வருடம் வைத்திருந்து ஒழுங்குபடுத்துவது, நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போவது. இத்தனை காலம் இதில் பணம் போட வேண்டுமென்றால் பெரிய ஓய்வூதிய நிதியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு தெருவையே விலை பேசக்கூடிய பணக்காரராக இருக்க வேண்டும். இப்போது ஒரு நல்ல ஃபோன் வாங்குகிற காசு போதுமாம். கதவைத் திறந்துவிட்டார்கள்! பஸ் ஓட்டுகிறவர் வரலாம், பள்ளிக்கூட கிளார்க் வரலாம். (ஏன் திறந்தார்கள்? பெரியவர்களிடம் வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று, சின்னவர்கள் எண்ணிக்கையில் அதிகம். இந்த வரியை நிறுவனம் அழித்துவிட்டது. இது என் கதை, இங்கே இருக்கட்டும்.)

இந்தத் தொழிலில் என்னதான் மாறியது என்று யாராவது கேட்டால் நான் என்னையே காட்டுவேன். முன்பு அவர்கள் பேசியதெல்லாம் அவர்களுக்குள் புரிந்தால் போதும். இப்போது பணம் போடுகிற எட்டாயிரம் பேருக்குப் புரிய வேண்டும். அதனால் ஒரு கதாசிரியனுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

2.

தொடக்கம் ஒன்று: "கண்ணாடிக் கட்டடத்தின் முப்பதாவது மாடியில் பன்னிரண்டு பேர் ஒரு நீண்ட மேசையைச் சுற்றி..." அடித்துவிட்டேன். அந்த மாடிக்கு நான் போனதே இல்லை. ஒன்பதாவது மாடியில், காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி அனுப்பிவிட்டார்கள்.

தொடக்கம் இரண்டு: "பணம் என்பது" என்று ஆரம்பித்தேன். இப்படி ஆரம்பித்த எந்தக் கதையும் உருப்பட்டதில்லை.

தொடக்கம் மூன்று: "அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்." இது நடந்தது. இதிலிருந்தே போவோம்.

3.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கையில் நான் எழுதிய எட்டுப் பக்கம். என் எழுத்து புரிகிறதா என்று சோதித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே ஆள் அவள்தான். ஆறாம் பக்கத்தில் அந்த நிதி வாங்கி வைத்திருக்கிற கம்பெனிகளின் பட்டியல் இருந்தது. அதில் பல் லேப்கள் மூன்று.

"டேய், இது எங்க லேப்டா!"

அக்கா பல் கட்டுகிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர் உங்கள் வாயில் மாட்டுகிற கேப் இருக்கிறதே, அதைச் செய்கிறவள். பதினாறு வருடமாக ஒரே லேப், ஒரே ஜன்னலோர மேசை. மூன்று வருடத்துக்கு முன் பழைய முதலாளி லேபை யாருக்கோ விற்றுவிட்டுப் போனார். யாருக்கு என்று அங்கே இருந்த பதினோரு பேருக்கும் தெரியாது. சம்பளச் சீட்டில் பெயர் மாறியது, கையுறையின் பிராண்ட் மாறியது, அவ்வளவுதான்.

"அப்ப நான் பணம் போட்டா, எங்க லேபுக்கு நானும் முதலாளியா?"

"ஒரு தூசி அளவுக்கு" என்றேன்.

"தூசியா இருந்தா என்னடா? என் மேசையில விழற தூசி எனக்குச் சொந்தம்ல?"

அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "இவளுக்குச் சம்பளம் குடுக்கறதும் இவளே, வாங்கறதும் இவளேயா?" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. மறுநாளே செயலியில் பதிந்து, வாஷிங் மெஷின் மாற்றுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததைப் போட்டுவிட்டாள்.*

* போட்ட பணத்தை நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கலாம். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டால் மொத்த நிதியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தரமாட்டார்கள், கேட்டவர்களுக்குள் பிரித்துக் கொடுப்பார்கள். இதை இரண்டாம் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று நான் சண்டை போட்டு ஜெயித்தேன். நான் நல்லவனாக வருகிற இடம் கதையில் இது ஒன்றுதான், அதனால் சொல்லிக்கொள்கிறேன்.

4.

இங்கே வண்ணக்காரரைக் கொண்டுவர வேண்டும். லேபில் பல்லின் நிறத்தைப் பொருத்துகிறவர் அவர். எந்த வாயைப் பார்த்தாலும் நிறத்தின் எண்ணைச் சொல்லிவிடுவார். என்னைப் பார்த்ததும் "காபியைக் குறைங்க தம்பி" என்றார். இரண்டாவது வரைவில் இவர் அதிகப்படி என்று தூக்கிவிட்டேன். அக்கா படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். "அவர் இல்லாம இந்தக் கதை பாதிப் பொய்டா" என்றாள். ஏன் என்று சற்றுப் பொறுத்தால் தெரியும்.

அக்கா போட்டதைப் பார்த்து வண்ணக்காரர் போட்டார். அவரைப் பார்த்து ஸ்கேன் பார்க்கிற பெண், டெலிவரிக்காரர் என்று பதினோரு பேரில் ஏழு பேர் முதலாளி ஆகிவிட்டார்கள். அந்த வாரம் லேபுக்குப் போயிருந்தேன். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமுமாக இருந்தது. மேனேஜர் சொல்லாமலே விளக்குகள் அணைந்தன. டெலிவரிக்காரர் மூன்று கிளினிக்குகளை ஒரே சுற்றில் முடிக்க வழி வரைந்துகொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டில் மாதாந்திர மதிப்பு அறிக்கையை வைத்துக்கொண்டு விவாதம் நடந்தது.

"ஏம்மா, ஃபர்னஸை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓட்டறோமே, கரண்ட் யாரு காசு?" என்றார் வண்ணக்காரர்.

"நம்ம காசு!" என்று ஏழு பேரும் கத்தினார்கள்.

நான் இதுவரை எழுதிய எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு மகிழ்ச்சியைக் கொண்டுவந்ததில்லை. இந்த வரியோடு கதையை முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த ஃபர்னஸ்

5.

ஃபர்னஸைப் பற்றிச் சொல்லாமல் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. கேப்பைக் கடையும்போது சுண்ணாம்புக் கட்டி போல மிருதுவாக இருக்கும், அளவிலும் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்கும். உலைக்குள் பல மணி நேரம் வெந்தால்தான் சுருங்கிச் சரியான அளவுக்கு வரும், கல்லாக இறுகும். எவ்வளவு சுருங்க வேண்டுமோ அவ்வளவுதான் சுருங்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் வாயில் ஆடும்.

அந்த உலையில் ஒரு முறைக்கு ஒரு தட்டுதான் வைக்கலாம். அக்கா ஒருநாள் இரண்டு தட்டு வைத்தாள். பீங்கான் கட்டைகளை முட்டுக் கொடுத்து, ஒன்றின் மேல் ஒன்று. பதினாறு வருடம் சம்பளத்துக்கு வேலை செய்தபோது அவள் கனவிலும் செய்யாத காரியம். முதலாளி ஆன மூன்றாவது வாரத்தில் செய்தாள்.

கீழ்த்தட்டு சரியாக வேகவில்லை. இருபத்தாறு கேப்கள். முன்பென்றால் ஒவ்வொன்றையும் நோயாளியின் வாயை அச்செடுத்துச் செய்த மாதிரிப் பல்லில் மாட்டிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்த வேலையைச் செலவு என்று நிதி நிறுத்தியிருந்தது. கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே ஆள் வண்ணக்காரர். கண்டுபிடிக்கவும் செய்தார்.

"ஒரு வெளுப்பு தெரிஞ்சுது தம்பி. என்னடா இதுன்னு நெனைச்சேன். மேல ஒரு கோட்டு வண்ணம் போட்டு மறைச்சு அனுப்பிட்டேன். திரும்பச் செஞ்சா கட்டி வீணாகுமேன்னு பாத்தேன்" என்று பின்னால் என்னிடம் சொன்னார். அவரும் முதலாளிதானே.

ஒரே வாரத்தில் இருபத்தாறும் டாக்டர்களிடமிருந்து திரும்பி வந்தன. திரும்பி வந்ததற்குக் காரணம் எழுத ஒரு பதிவேடு இருக்கிறது. அக்கா அதில் "காரணம் தெரியவில்லை" என்று இருபத்தாறு முறை எழுதினாள். பிறகு சொந்த நேரத்தில் உட்கார்ந்து அத்தனையையும் புதிதாகச் செய்து கொடுத்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.

6.

இப்போது என் முறை. இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் என்னைக் கொஞ்சம் காப்பாற்றிவிட்டேன். எட்டாவது தடவை இது.

காலாண்டுக் கடிதத்தை எளிமையாக்கும் வேலையும் எனக்கே வந்தது. அவர்கள் அனுப்பிய வாக்கியத்தின் சாரம்: "கடந்த காலாண்டில் மூன்றாவது கிளையில் தரம் குறைந்துள்ளதால், அதை மற்ற இரண்டுடன் இணைக்கத் திட்டமிடுகிறோம்." கிளை என்று அவர்கள் சொல்வது அந்த மூன்று பல் லேப்களைத்தான், ஆனால் மூன்றாவது எந்த லேப் என்று பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை. எழுதிப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. ஓசைக்காக ஒரு சொல் சேர்த்தேன். "தரம் தொடர்ந்து குறைந்து வரும் மூன்றாவது கிளையை..." ஆஹா, இப்போது நடக்கிறது என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். யாரும் திருத்தவில்லை. எட்டாயிரத்து இருநூறு பேருக்குப் போய்விட்டது.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், மூணாவது கிளை எதுன்னு தெரியுமா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"தொடர்ந்து குறையுதுன்னு யாருடா எழுதினது? பதினாறு வருஷத்துல ஒரு மாசம்டா. ஒரே ஒரு நாள். ஒரே ஒரு தட்டு!" என்று கத்தியவள் அப்படியே நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் தட்டின் கதையைச் சொன்னாள். நானும் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். யார் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

7.

கதையாகப் பார்த்தால் இங்கே இரண்டு முடிவுகள் தயாராக நிற்கின்றன. இரண்டையும் எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: அக்கா வாயைத் திறக்கவில்லை. லேப் மூடப்படுகிறது. கைத்திறன் உள்ளவள் என்பதால் அவளைப் பெரிய லேபுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றும் ஒன்றானதால் செலவு குறைந்து நிதியின் மதிப்பு ஏறுகிறது, அவள் போட்ட பணமும் ஏறுகிறது. வண்ணக்காரருக்கு வயது அதிகம், அவரை எடுக்கவில்லை. இன்னும் ஆறு பேரையும் எடுக்கவில்லை.

முடிவு ஆ: அக்கா உண்மையைச் சொல்கிறாள். லேப் ஒருவேளை பிழைக்கலாம். அவள் வேலை நிச்சயம் ஆட்டம் காணும். பதிவேட்டில் பொய் எழுதியவளை எந்த லேபும் மறுபடி சேர்க்காது.

(முடிவு இ என்று ஒன்றும் எழுதினேன். அதில் அந்த நிதியை நடத்துகிற முதலீட்டுத் தலைவரை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிப்படவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் பேசியிருக்கிறேன், தப்பாக ஒரு வார்த்தை வராத மனிதர்.)

இந்த இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். "சும்மா இருந்தா எனக்கு ரெண்டு கையிலயும் லாபம், இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "அதுதான்டா பயமா இருக்கு" என்றாள்.

8.

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பொறுமையே இல்லை, கை முந்திக்கொண்டு ஓடுகிறது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதலீட்டாளர்களோடு நேரலைக் கூட்டம். முன்பெல்லாம் ஒரு கிளையை மூடினால் ஒரு மேசையில் நாலு பேருக்குப் பதில் சொன்னால் முடிந்தது. இப்போது யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கலாம். லேபின் சாப்பாட்டு அறையில் அக்கா, வண்ணக்காரர், நான். மேசையில் அக்காவின் ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தோம். சின்ன முதலீட்டாளர்களுக்கு ஓட்டு கிடையாது என்று ஆவணத்தில் நானே எழுதியிருக்கிறேன். கேள்வி மட்டும் கேட்கலாம்.

அக்கா கையைத் தூக்கும் பொத்தானை அழுத்தினாள். முதல் நாலு பேரும், பணத்தை எப்போது எடுக்கலாம் என்று நாலு விதமாகக் கேட்டார்கள். (இரண்டாம் பக்கம்! பெரிய எழுத்து!) ஐந்தாவதாகத் திரையில் அக்காவின் முகம் பெரிதாக வந்தது. வேலைக்கு மாட்டுகிற பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுக்க மறந்திருந்தாள்.

"வணக்கம் சார். நான் உங்க முதலீட்டாளர். ரொம்பச் சின்னவ. நீங்க இணைக்கப் போறதா சொன்ன மூணாவது கிளையில பதினாறு வருஷமா வேலை பாக்கறேன்."

முதலீட்டுத் தலைவர், "ஓ, சந்தோஷம்" என்றார். பாவம், அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"தரம் தொடர்ந்து குறையுதுன்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு சார். குறைஞ்சது ஒரே நாள், ஒரே தட்டு. கரண்ட் மிச்சம் பண்றேன்னு ஒண்ணுக்கு ரெண்டா வச்சேன். வச்சது நான்தான். காரணம் தெரியலைன்னு பதிவேட்டுல எழுதினதும் நான்தான். அந்த இருபத்தாறைக் கழிச்சுட்டுப் பாருங்க. மூணு கிளையில எங்களுதுதான் கம்மியாத் திரும்பி வருது. கழிச்சுப் பாத்துட்டு அப்புறமா மூடணும்னா மூடுங்க."

வண்ணக்காரர் அவள் தோளுக்கு மேல் தலையை நீட்டி, "வெளுப்பை மறைச்சது நான் சார்! அதையும் எழுதிக்குங்க!" என்றார்.

அக்கா அவரைப் பார்த்து, "இருங்க, இன்னொண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள். "மாதிரிப் பல்லுல மாட்டிப் பாக்கற வேலையை நீங்க நிறுத்திட்டீங்க. நிறுத்தலைன்னா இது வெளிய போயிருக்காது. இதை வேலைக்காரியாச் சொல்லல. பணம் போட்டவளாச் சொல்றேன்."

எழுத்தில் கேள்வி வருகிற இடம் படபடவென்று நிரம்பியது. "அந்தம்மா சொல்றது நிஜமா?" "இருபத்தாறைக் கழிச்சுக் காட்டுங்க." "மாதிரிப் பல் ஏன் நிறுத்தினீங்க?" பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் கையைத் தூக்கி உள்ளே வந்தார். வண்டியை எங்கோ ஓரம் கட்டியிருந்தார், பின்னால் இருக்கைகள் தெரிந்தன. "சார், எனக்கு இந்த நிதியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இப்ப உண்மை சொன்னாங்களே, அந்தம்மா வேலைக்கு ஏதாவது ஆகுமா? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

முதலீட்டுத் தலைவர் தண்ணீர் குடித்தார். எட்டாயிரம் பேருக்கு முன்னால் ஒரு மனிதர் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அடக்கமில்லாதவன் என்பீர்கள். "நியாயமான கேள்விகள். பத்து நாளில் எல்லோருக்கும் எழுத்தில் பதில் வரும்" என்றார்.

அக்கா ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். வண்ணக்காரர், "அழாதம்மா, நல்லா கேட்ட" என்று சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

9.

நானும் ஒன்று செய்தேன். "தொடர்ந்து" என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான், பேசியவர் என் சொந்த அக்கா, இனிமேல் எனக்கு இந்த வேலை வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். மறுநாள் பதில் வந்தது. விஷயம் தெரிந்தவர் என்பதால் நீங்களே எழுதுவது நல்லது என்று இருந்தது. கூடவே வேலை.

எட்டாயிரத்து இருநூறு பேருக்கான பதில் கடிதத்தை இரண்டு வடிவில் எழுதித் தர வேண்டுமாம். ஒன்றில் கிளை தொடரும். மற்றொன்றில் மூடப்படும். அக்காவின் வேலை பற்றிய இடத்தில் "[முடிவு பின்னர் நிரப்பப்படும்]" என்று அடைப்புக்குறி. முடிவெடுக்கிற குழு இன்னும் கூடவில்லை. எது முடிவானாலும் உடனே அனுப்ப வசதியாக இருக்கும் என்றார்கள்.

ஆகவே வாசகரே, இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகளையும் நான் எழுதியாயிற்று, கூலிக்கு. எந்த முடிவு உண்மை என்று எனக்கே தெரியாது. மூன்றாவதாக ஒன்றைக் கற்பனை செய்து உங்களை அனுப்பி வைக்கலாம். எனக்கு மனமில்லை.

இரண்டையும் அக்காவிடம் காட்டினேன். தொடரும் என்கிற கடிதத்தில் தட்டு, பதிவேடு, மாதிரிப் பல் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். மூடப்படும் என்கிற கடிதத்தில் தட்டு வைத்தது யார் என்பதை விட்டுவிட்டேன். கூட்டத்தில் சொன்னது காற்றோடு போகும், எழுதினால் நிற்கும், வேலையும் போய்ப் பெயரும் ஏன் போக வேண்டும் என்று நினைத்தேன். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இதுலயும் போடு."

"அக்கா, மூடிட்டாங்கன்னா நீ வேற லேபுக்குத்தான் போயாகணும். அவங்களும் படிப்பாங்க."

"படிக்கட்டும். மூடினாலும் காரணம் சரியா இருக்கணும்டா. பணம் போட்டவங்க படிக்கற கடுதாசி அது."

சொல்லிவிட்டு லேபுக்குக் கிளம்பினாள். மாதிரிப் பல்லில் மாட்டிப் பார்க்கும் வேலையை யாரும் சொல்லாமலே, சாப்பாட்டு நேரத்தில், ஏழு பேரும் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள்.

நீங்கள் அந்த எட்டாயிரத்து இருநூறில் ஒருவராக இருந்தால் கடிதம் எனக்கு முன்னால் உங்களுக்கு வரும். முதல் பத்தியைப் படித்துவிட்டு, முடிந்தால் எனக்கும் சொல்லுங்கள். இரண்டாவது பத்தி எனக்கு இப்போதே தெரியும். இரண்டு கடிதத்திலும் அது ஒன்றுதான், தட்டு வைத்தது யார் என்பது, அதை எழுதியது அக்கா.